காற்றுக்கு அஞ்சினோம், தண்ணீரை மறந்தோம்!
மரக்காணம் உப்பளங்கள் வணிகர்களுக்குச் சொல்லும் பாடம்

புயல் என்றதும் வணிகர்களாகிய நாம் முதலில் கேட்பது, "காற்று எத்தனை கிலோமீட்டர் வேகம்?" என்பதுதான். பெயர்ப் பலகையை இறக்கி வைக்கிறோம். ஷட்டரை இழுத்துப் பூட்டுகிறோம். நம் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். இந்தக் கணக்கு தவறு என்பதை, நான்கு ஆண்டு இடைவெளியில் மரக்காணம் கடற்கரையைத் தாக்கிய இரண்டு புயல்கள் காட்டிவிட்டன.

இரண்டு புயல்கள்

2020 நவம்பர் 25ஆம் தேதி நள்ளிரவையொட்டி 'நிவர்' புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கரையேறியது. அது அதிதீவிரப் புயல். காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 130 கிலோமீட்டர். இடையிடையே 145 கிலோமீட்டர்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு 'ஃபெஞ்சல்' வந்தது. அது புயலாகுமா, ஆகாதா என்பதே முந்தைய நாட்களில் பேச்சாக இருந்தது. கரையைக் கடந்தபோது காற்று 70 முதல் 80 கிலோமீட்டர்தான். வேகத்தை மட்டும் பார்த்தால் சிறிய புயல். ஆனால் கரையேறிய பிறகு அது நகரவில்லை. மறுநாளும் புதுச்சேரியை ஒட்டியே நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை! டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரை கொள்ளாமல் ஓடியது. அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களும் நின்றன.

உப்புக்கு இரட்டை அடி

மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளங்கள் உள்ளன. திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் கழுவெளியில் சேர்ந்து, மரக்காணத்தை ஒட்டிய கழிமுகம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. ஆகவே மழை உள்நாட்டில் பெய்தாலும் அதன் வரவு உப்பளத்தின் வாசலுக்குத்தான். கடல் மட்டமும் உயர்ந்திருந்தால் நீர் வடிய வழியில்லை. ஃபெஞ்சலின்போது பாத்திகள் ஏரி போல் ஆயின.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது உற்பத்தி நின்றுவிடும். கோடையில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து, கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடி, விலை ஏறும் மழைக்காலத்துக்காக வைத்திருப்பார்கள். வெள்ளம் அடியை அரித்தால் சேமிப்பு கரைந்துபோகிறது. அது முதல் அடி. வண்டல் படிந்த பாத்தியைத் தண்ணீர் இறைத்து, சேறு வாரி, தரை மிதித்துச் சீராக்கிய பிறகே அடுத்த உப்பு விளையும். அதுவரை தொழிலாளிக்குக் கூலி இல்லை. முன்பணம் கொடுத்த வியாபாரிக்குச் சரக்கு இல்லை. இது இரண்டாம் அடி.

"மரக்காணம் இல்லாவிட்டால் தூத்துக்குடி உப்பு இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கிருந்து வரும் லாரியும் அரசூரைத் தாண்டித்தானே சென்னைக்கு வரவேண்டும்? உப்பு மலிவான சரக்கு. அதில் வண்டி வாடகையே பெரும் பங்கு. வழி அடைபட்டால் விலை தானே ஏறும்.

நாம் செய்ய வேண்டியவை

ஐப்பசி பிறக்கும் முன்பே பத்துப் பதினைந்து நாள் விற்பனைக்கு வேண்டிய உப்பைக் கையிருப்பில் வைத்துக்கொள்வோம். உப்பு, சர்க்கரை, வெல்லம் ஆகியவை தண்ணீர் பட்டால் மிஞ்சாதவை. இவற்றை மேல் தட்டில் அடுக்கி, எண்ணெய் டின்களைக் கீழே வைப்போம். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல் ஏற்றுவோம்.

காப்பீட்டை எடுத்துப் பார்ப்போம். ஐந்து கோடி ரூபாய் வரை சொத்தும் சரக்கும் உள்ள சிறு நிறுவனங்களுக்காக 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி தீயோடு புயலையும் வெள்ளத்தையும் சேர்த்தே ஏற்கிறது. பிரீமியத்தை மிச்சம் பிடிக்கச் சரக்கின் மதிப்பை வெகுவாகக் குறைத்து எழுதினால் இழப்பீடும் அந்த விகிதத்தில் குறையும். சரக்கைத் திறந்த வெளியில் வைத்திருப்போர் அது பாலிசியில் அடங்குமா என்று முன்னதாகவே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

கொள்முதல் பில்களைச் செல்போனில் படமெடுத்து வைப்போம். வெள்ளம் வடிந்ததும் கெட்ட சரக்கை அவசரப்பட்டுக் கொட்டிவிடாமல், முதலில் படமெடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தருவோம். அதே நேரத்தில், நனைந்த சரக்கைக் காயவைத்து விற்கும் எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு ரூ.2,000 நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அது வீட்டுக்கு வந்த உதவி. கடைச் சரக்கைக் காப்பது நம் பொறுப்பு.

இன்னொன்றும் உண்டு. வழி அடைபட்ட அந்த நாட்களில் ஒரு பாக்கெட் உப்புக்காக நம்மிடம் வருகிறவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கும். அன்று பழைய விலைக்கே கொடுத்த கடையை அவர் மறக்கமாட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொன்னவர்கள் நம் வாடிக்கையாளர்களின் முன்னோர்தானே!

அடுத்த முறை வானொலியில் புயல் செய்தி வரும்போது காற்றின் வேகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். எவ்வளவு மழை, எத்தனை நேரம் என்பதையும் கேட்டுக்கொண்டு கடையைப் பூட்டுவோம்.