சேய்மைக் கோப்பும் செய்நிரலும்

பெயர் ஒன்றாயின் பொருளும் ஒன்றே எனக் கொள்வது மக்கள் இயல்பு. கணினிக்குச் செய்நிரல் எழுதப் பழகும் மாணவரிடத்தும் இவ்வியல்பு காணப்படுகின்றது. பி.எச்.பி. என்னும் மொழியில், தம் கணினியிலுள்ள கோப்பைத் திறக்கும் ஆணையே, இணைய முகவரியைக் கொடுத்தவிடத்துக் கடல் கடந்த சேவையகத்திலுள்ள கோப்பையும் திறக்கின்றது. ஆணை ஒன்றேயாயினும் நிகழ்வன வேறு. அவ்வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்மைக் கோப்பைத் திறத்தல் பேழையிலுள்ள ஏட்டை எடுப்பது போன்றது. சேய்மைக் கோப்பைத் திறத்தலோ, ஏடுடையார்க்கு ஓலை விடுத்து, அவர் படியெடுத்து அனுப்புமளவும் காத்திருப்பது போன்றது. ஓலையும் மறுமொழியும் எவ்வாறு அமைதல் வேண்டுமென வகுத்த உடன்பாடே நெறிமுறை எனப்படும். கோப்புகளை அனுப்பவும் பெறவும் உதவும் எஃப்.ரீ.பி. நெறிமுறையின் முதல் வரைவை 1971 ஏப்பிரலில் எழுதியவர், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற அபய் பூஷண் என்பவராவர். இணையப் பக்கங்களைக் கொணரும் எச்.ரீ.ரீ.பி. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர்த் தோன்றியது.

இவ்வாறு பெறும் கோப்புக்கு மூவகை எல்லைகள் உள.

முதலாவது, செயலின் எல்லை. எச்.ரீ.ரீ.பி. வழியாகத் திறந்த கோப்பை வாசிக்கலாமன்றி அதன்கண் எழுதலாகாது. எஃப்.ரீ.பி. வழியாக வாசிக்கவும் எழுதவும் கூடுமேனும், ஒரே திறப்பில் இரண்டும் இயலா. கோப்பு உளதா, அதன் அளவு யாது என வினவும் வழக்கமான ஆணைகள் எச்.ரீ.ரீ.பி. முகவரிக்குப் பயன்படா. வருவது ஓடுநீர் போன்றதாகலின், கடந்த பகுதிக்கு மீளவும் செல்லுதல் கூடாது.

இரண்டாவது, காலத்தின் எல்லை. கண்ணாடியிழையினுள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கி.மீ. செல்லும். எனவே, 15,000 கி.மீ. தொலைவிலுள்ள சேவையகத்தை நாடி மீள்வதற்குக் குறைந்தது 0.15 விநாடி வேண்டும். நூறு கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பின், இக்காத்திருப்பு மாத்திரமே 15 விநாடியாகும். எத்துணைப் பொருள் செலவிடினும் இது குறையாது. மறுமொழி வாராவிடின், வேறு பணிப்பில்லாதபோது பி.எச்.பி. 60 விநாடி காத்து நிற்கும்.

மூன்றாவது, நம்பகத்தின் எல்லை. இதுவே தலையாயது. வலையமைப்பு என்றும் அறாது என்னும் எண்ணத்தை, செய்நிரலாளர் கொள்ளும் பொய்ந்நம்பிக்கைகளுள் ஒன்றாக 1994 இல் பீற்றர் டொய்ச் என்னும் அறிஞர் எடுத்துக் காட்டினார். 2004 ஓகஸ்டில் கொழும்புக்கு அண்மையில் கப்பலொன்றின் நங்கூரம் பட்டுக் கடலடிக் கம்பி சிதைந்தபோது இலங்கை அதனை நேரிற் கண்டது.

மலைநாட்டார்க்கு இவ்வெல்லை உயிரோடு தொடர்புடையது. பெரகலையிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் வீதியிலுள்ள கொஸ்லந்தையை அடுத்து, மீரியபெத்தையில் லயன்களை மூடிய 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் மண்சரிவு மறக்கற்பாலதன்று. மழையளவுக் கோப்பைத் தொலைவிலிருந்து கொணர்ந்து எச்சரிக்கும் செய்நிரலை மாணவனொருவன் எழுதுகின்றான் எனக் கொள்வோம். பெருமழையால் இணைப்பு அறுகின்றது. கோப்பு வாராதபோது வாசிக்கும் ஆணை ‘பொய்’ என்னும் பெறுமானத்தைத் தரும். அதனைச் சோதியாது கணக்கிற் சேர்ப்பின், பி.எச்.பி. அதனைப் பூச்சியமாகவே கொள்ளும். மழை மிக்க வேளையிலேயே மழையில்லை எனத் திரை கூறும். மழையின்மை வேறு, மழை பற்றிய செய்தியின்மை வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்தாத செய்நிரல், செய்நிரல் இல்லாமையினும் தீயது.

ஆதலின், சேய்மைக் கோப்பைக் கையாள்வோர் நான்கு செயல்களைக் கடைப்பிடித்தல் வேண்டும். காத்திருக்கும் கால எல்லையைத் தாமே விதித்தல். வாசித்ததன் விளைவைச் சோதித்தல். சேவையகம் அளவை அறிவித்திருப்பின், வந்த பைற்றுகளை அதனோடு ஒப்பிட்டு, கோப்பு முழுமையாக வந்ததா எனத் தெளிதல். இறுதியாகப் பெற்ற படியைத் தம்மிடம் பேணி, அது பெற்ற நாளையும் நேரத்தையும் காண்போர்க்குக் காட்டுதல் என்பன அவை. ஆணையின் எளிமை கண்டு வழியின் அருமையை மறவாமை செய்நிரல் கற்போர்க்கு இன்றியமையாதது என்பதை மாணவர் உளங்கொள்வாராக.