உஷார்! நின்றால் ஹீட் ஏறுது, ஓடினால் இறங்குதா?

ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஹீட் முள் மெல்ல மேலே ஏறுகிறது. கேட் திறந்து வண்டி வேகம் பிடித்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. "ஓடினா சரியாயிருது, விடு" என்று அதோடு மறந்துவிடுகிறோம். அன்புள்ள தேனி, அல்லிநகரம் வண்டிக்காரர்களே, தயவுசெய்து விடாதீர்கள்! அது சரியாகவில்லை. வண்டியின் ஃபேன் பார்க்க வேண்டிய வேலையை எதிர்க்காற்று பார்த்துக்கொண்டிருக்கிறது. காற்றில்லாத இடத்தில் மாட்டிக்கொள்ளும் நாளில் இன்ஜின் போய்விடும்.

அப்படிப்பட்ட இடங்கள் நம்மைச் சுற்றி எக்கச்சக்கம். அகலப்பாதைப் பணிக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் ரயிலே பார்க்காமல் இருந்த ஊர் இது. 2022 மே மாதம் மதுரையிலிருந்து தேனிக்கு ரயில் வந்தது. 2023 ஜூனில் போடி வரை போனது. சந்தோஷம்தான். கூடவே கேட்டில் காத்திருப்பதும் திரும்பி வந்துவிட்டது. மதுரை ரோடு, பெரியகுளம் ரோடு, கம்பம் ரோடு மூன்றும் வந்து முட்டும் நேரு சிலைப் பக்கம் முகூர்த்த நாளில் போய்ப் பாருங்கள், வண்டி நகராது. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது மலைப்பாதை. லோயர் கேம்ப்பைத் தாண்டிக் குமுளிக்கு ஏறும்போதும், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்னால் ஒரு லாரி திணறினால் போதும். வண்டி நிறைய ஆள், ஏசி ஓடுகிறது, முதல் கியரில் இன்ஜின் உறுமுகிறது, எதிர்க்காற்று துளியும் இல்லை. அங்கே உங்களைக் காப்பாற்ற இருப்பது ஃபேன் ஒன்றுதான். அது ஏற்கெனவே செத்துப் போயிருந்தால்?

முதலில் ஃபேனைப் பாருங்கள்

வண்டி எப்போது ஹீட் ஆகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. நிற்கும்போது மட்டும் ஏறினால் காற்றோட்டத்தில் கோளாறு என்று தொடங்குங்கள். ஓடும்போதும் ஏற்றத்திலும் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் பக்கம் சந்தேகப்படுங்கள்.

கார்களில் பெரும்பாலும் எலெக்ட்ரிக் ஃபேன். நிற்கும் வண்டியில் ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, சென்சார் வயர், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்ததும் ஃபேன் ஓடினால் மோட்டார் நல்லாயிருக்கிறது, கோளாறு ஃபியூஸ், ரிலே, சென்சார், வயர் பக்கம்தான். சில வண்டிகளில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. அதில் ஒன்று மட்டும் போயிருந்தால் ஓடுகிற மாதிரி தெரியும், ஆனால் காற்று பத்தாது. ஃபேன் ஓடும்போது முன் கிரில்லில் ஒரு தாளை வைத்துப் பாருங்கள், உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். தள்ளிவிட்டால் வயரைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜீப், பழைய டீசல் வண்டிகளில் ஃபேன் பெல்ட்டில் ஓடும். பெல்ட் தளர்ந்திருந்தால் ஃபேன் மந்தமாகும். விஸ்கஸ் கிளட்ச் உள்ள வண்டி என்றால் சூடான இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துவிட்டு ஃபேனைச் சுற்றிவிடுங்கள். பிடிப்பே இல்லாமல் பல சுற்று போனால் கிளட்ச்சின் ஆயுள் முடிந்தது.

அடுத்து டார்ச் அடித்து ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே எட்டிப் பாருங்கள். நம் பக்கம் ரோட்டிலேயே கொள்ளும் சோளமும் காயப்போட்டு வண்டிகளை மேலே ஏறவிடுகிறார்கள். அந்தத் தூசும் தும்பும் பூச்சியும் இந்த இடுக்கில்தான் மெத்தையாகப் படிகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் கிரில் பளிச்சென்று இருக்கும், உள்ளே காற்று போக வழியே இருக்காது. இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். வாட்டர் வாஷில் பிரஷராக அடித்தால் தகடு மடங்கிவிடும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தையும் இன்றோடு நிறுத்துங்கள். உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். கம்பெனி சொல்லும் கூலன்ட்டை, சொல்லும் அளவில் ஊற்றுங்கள். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுட்டா ஹீட் ஆகாது" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். உண்மையான கோளாறு அப்படியே இருக்கும். போதாததற்கு இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசலையும் பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும்.

முள் சிவப்பைத் தொட்டால்

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே புழுங்கும், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் வெளியேறும். ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். "ஊரு பக்கத்துலதான" என்று ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். அலுமினிய ஹெட் வளைவதற்கு அது போதும்.

உச்சத்தில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதிப்படாதீர்கள்! கூலன்ட் முழுக்க ஒழுகிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், தப்பாகத்தான் காட்டும்.

ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். குக்கரைப் போல அதுவும் அழுத்தத்தை அடக்கி வைத்திருக்கிறது. வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடியில் அதில் ஒரு பகுதி ஆவியாகி, கொதிநீரோடு முகத்திலும் கையிலும் அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுங்கள். மேல் ஹோஸ் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, கனமான துணியைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், விரிசல் விழும். இன்ஜினை அணைத்த பிறகும் எலெக்ட்ரிக் ஃபேன் தானாகச் சுற்றலாம்; விரல், துப்பட்டா, துண்டு எதுவும் அருகில் போகக் கூடாது.

ஒருமுறை நன்றாகக் கொதித்த வண்டியை அடுத்த சில நாள் கவனியுங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுக்கிறதா, கூலன்ட் டப்பாவில் குமிழி வருகிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, ஒழுகலே இல்லாமல் கூலன்ட் குறைகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

ஒரு ரிலே சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதைக் கவனிக்காமல் விட்டு ஹெட்டை இறக்கினால் செலவு பல ஆயிரம். அதனால் இந்த வாரமே, மலையேறும் முன்பே, வீட்டு வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். முள் நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். "நின்னா ஏறுது, ஓடினா இறங்குது, ஃபேனைப் பாருங்கண்ணே" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஃபேன் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் குமுளிக்கும் போடிமெட்டுக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள்.