பொதுச் சொத்தாகும் மின்சாரம்

கோயமுத்தூர் ஜில்லாவில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஒரு சிறு பஞ்சாயத்து. 2006-ஆம் வருஷத்தில் அது தன் சேமிப்புடன் பாங்கிக் கடனும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையொன்றைச் சொந்தமாக வாங்கிற்று. தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. லாபம் தனி முதலாளியின் பெட்டியை அடையவில்லை, ஊருக்கே உரியதாயிற்று.

நிற்க, சென்னை நகரத்தார் செய்வதென்ன? மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய இடங்களில் அடுக்குமாடி வீடுகளின் மொட்டைமாடிகள் வெயிலில் வீணே காய்கின்றன. எல்லோருக்கும் பொது என்பதால் ஒருவருக்கும் அக்கறையில்லை. குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியத்தை மத்திய சர்க்கார் 2024-இல் அறிவித்தது. லிப்டும் தண்ணீர்ப் பம்பும் சூரிய சக்தியால் ஓடினால் மாதச் சந்தா குறையும். அப்பயனில் வாடகைக்கு இருப்போருக்கும் பங்குண்டென்று முதலிலேயே எழுதிவைப்பதே நியாயம்.

கிராமத்தார் கடன் வாங்கவே துணிந்தார்கள். நகரத்தார் கூட்டம் கூடிப் பேசவாவது துணிய வேண்டாமா?