கொல்லிமலை என்று தட்டிப் பாருங்கள்!

பரீட்சைப் பேப்பர் திருத்தியே தலை நரைத்தவன் நான். பழக்க தோஷம் விடவில்லை. இந்த வாரம் ஓர் இணையதளத்துக்கு மார்க் போடப் போகிறேன்!

அதற்கு முன் ஒரு சம்பவம். எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆண்டு விழா. பரிசு வாங்கிய பிள்ளைகளின் பெயர்களைப் பெரிய பிளக்ஸ் பேனரில் அடித்து வாசலில் கட்டியிருந்தார்கள். கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய சிறுமியின் பெயர், 'கௌ' என்று தொடங்கும். பேனரிலோ, 'க' தனியாக நின்றது. அதற்குப் பிறகு ஒற்றைக்கொம்பு, அப்புறம் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம், கடைசியில் கொம்புக்கால். எல்லாப் பிள்ளைகளும் பேனர் முன் நின்று போட்டோ எடுத்துக் கொண்டனர். அவள் மட்டும் வரவில்லை.

"அது என் பேரே இல்ல தாத்தா..." என்றாள்.

பிளக்ஸ் கடைத் தம்பியிடம் விசாரித்தேன். "எழுத்து நெட்டுல இறக்கினது சார். நல்ல எழுத்துதான். ஏன் உடைஞ்சதுன்னு தெரியல" என்றார். சரி, அந்த எழுத்து வந்த இடத்தையே பார்த்து விடுவோம் என்று பேரனின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

அந்த இடத்தின் பெயர், கூகுள் பான்ட்ஸ். 2010ல் தொடங்கியது. எழுத்துருக்களுக்கான பெரிய கடை என்று சொல்லலாம். ஆனால், கல்லாப் பெட்டி இல்லாத கடை! வேண்டியதை இறக்கி, பேனர், அழைப்பிதழ், புத்தகம் எதற்கும் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், நம் எழுத்துருக்கள் வரிசையாக வந்து நிற்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு சின்னப் பெட்டி. அதில் நாம் எதைத் தட்டினாலும், அத்தனை எழுத்துருக்களிலும் அதே சொல் உடனே தெரியும். துணிக்கடையில் புடவையை மேலே போட்டுப் பார்ப்பது போல!

பலரும் அந்தப் பெட்டியில் 'அம்மா' என்று தட்டிப் பார்ப்பார்கள். அது சுலபமான கேள்வி. எல்லா எழுத்துருவும் பாஸ் செய்து விடும். நான் நம் ஊர்ப் பெயர்களையே வினாத்தாள் ஆக்கினேன்.

'ராசிபுரம்' என்று தட்டினேன். 'ர'வுக்கும் அடுத்துள்ள துணைக்காலுக்கும் வேறுபாடு தெரிகிறதா? இரண்டும் ஒன்று போல் இருந்தால், சின்னப் பிள்ளைகள் திணறுவார்கள். 'ஏற்காடு' போட்டேன். 'ஏ'யின் கால் எட்ட நின்று பார்த்தாலும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் மலைக்கு ஏறுகிற பஸ் 'எற்காடு' போய் விடும்! 'திருச்செங்கோடு' நீளமான பெயர். புள்ளிகள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்க ஏற்றது. 'கொல்லிமலை'தான் கடினமான கேள்வி. கொம்பு முன்னே, கால் பின்னே, நடுவில் 'க'. கடைசியில் 'லை' வேறு. (1978ம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன், இந்த 'லை'யைத் தும்பிக்கை போட்டு எழுதினோம். தாத்தா, பாட்டியிடம் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.)

அங்கே சுவையான பெயர்களும் உண்டு. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த எழுத்துருவின் பெயர் 'கட்டமரான்'. நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய் அப்படி ஆனது! மெலிந்ததில் இருந்து குண்டு வரை இதில் 9 கனங்கள். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த 'கவிவனார்', கையால் சாய்த்து எழுதியது போல் இருக்கும். 'நோட்டோ' என்றும் ஒன்று. எழுத்துரு இல்லாத இடத்தில் திரையில் வெறும் கட்டங்கள் வருமே, அவற்றுக்கு 'டோஃபு' என்று பட்டப்பெயர். சோயா பாலில் செய்யும் கட்டியின் பெயர் அது. 'நோ டோஃபு' என்பதுதான் 'நோட்டோ' ஆனது.

மார்க்குக்கு வருகிறேன். நூற்றுக்கு 75. அந்தப் பெட்டிக்கும் இலவசத்துக்கும் தாராளமாகவே போட்டேன். மற்ற மொழிகளோடு ஒப்பிட்டால் தமிழ் எழுத்துருக்கள் குறைவு. அதற்குக் கொஞ்சம் கழித்தேன். நான் பார்த்தபோது பொத்தான்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. ஆறாம் வகுப்புத் தமிழ் வழிப் பிள்ளை தடுமாறாதா? அதற்கும் கழித்தேன்.

அப்படியானால், பேனரில் பெயர் ஏன் உடைந்தது? கம்ப்யூட்டருக்குள் 'கௌ' என்பது, முதலில் 'க', அடுத்து ஔகாரக் குறி என்றுதான் பதிவாகும். திரையில் காட்டும்போது, அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னால் தள்ளி, மீதியைப் பின்னால் வைக்க வேண்டும். எழுத்துருவும் மென்பொருளும் கை கோர்த்துச் செய்கிற வேலை இது. பழைய வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றுக்கு அந்த வித்தை தெரியாது. கடையில் இருந்ததும் பழையதே. எழுத்துரு நல்லதுதான், கூட்டாளிதான் சரியில்லை!

தம்பியிடம் சொன்னேன். புதிய மென்பொருளில் பெயர்களைத் தட்டி, படமாகச் சேமித்து, அதைப் பழைய மென்பொருளில் ஒட்டினார். 'கௌ' அழகாக வந்தது. இம்முறை அந்தச் சிறுமியையும் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். அச்சடிக்கும் முன், திரையில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்தாள்.

"அண்ணா, நிறுத்துங்க... இவனுக்கு இனிஷியல் தப்பு!" என்றாள்.

அது எங்கள் யார் கண்ணிலும் படவே இல்லை.