முற்றத்துத் தோட்டம்: இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அழகுச் செடிகளும் மூலிகைகளும்

செடி வாங்குவோரில் பெரும்பாலோர் பூவைக் கண்டே வாங்குகின்றனர். நாற்றுப்பண்ணையில் செழித்து நின்ற கன்று, வீட்டு முற்றத்தில் ஒரே கோடையில் கருகிவிட்டால், தமக்குக் கைராசி இல்லை என்று கூறி அமைதி அடைகின்றனர். உண்மையில் குறை, தெரிவு செய்த வரிசையில்தான் உள்ளது.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்று செவில் எனப்படும் அந்தலுசிய நகரான இஷ்பீலிய்யாவில் வாழ்ந்தவர் இப்னுல் அவ்வாம். அவர் இயற்றிய 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் வேளாண் பெருநூல், 1802இல் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் மத்ரீதில் அச்சேறியது. அந்நூலின் முதல் அத்தியாயம் மண்ணைப் பற்றியது; இரண்டாவது எருவைப் பற்றியது; மூன்றாவது நீரைப் பற்றியது. அவற்றின் பின்னரே தோட்ட அமைப்பும் மரஞ்செடிகளும் பேசப்படுகின்றன. இந்த வரிசையை நம் வட்டாரத்துக்குப் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணும் காற்றும்

இராசபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்தவை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் இங்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஈரம் இழந்த காற்றுதான். மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஆகவே, "ஆடிப் பட்டம் தேடி விதை" என்னும் முதுமொழியை இவ்வட்டாரத்து முற்றங்களுக்கு அப்படியே கொள்ளலாகாது. வேர் ஊன்றாத கன்றின் இலைநீரை ஆடிக்காற்று உறிஞ்சிவிடும். புரட்டாசி இறுதியில் நட்டால், வரும் மழையே கன்றை வளர்த்துக் கொடுக்கும்.

மலையை ஒட்டிய பகுதிகளில் செம்மண் மிகுதி; கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் மிகும். செம்மண்ணில் நீர் விரைந்து வடியும்; அதற்கு மட்கிய தொழுவுரம் சேர்த்து ஈரம் காக்கும் திறனைக் கூட்ட வேண்டும். கரிசல் மழையில் நீரைப் பிடித்துவைத்து, கோடையில் வெடிக்கும். மூலிகைகளின் மெல்லிய வேர்கள் அதில் அழுகவும் கூடும், அறுபடவும் கூடும். கரிசல் மனையில் வாழ்வோர் மேட்டுப்பாத்தியோ தொட்டியோ அமைப்பது நலம். தொட்டிக்குச் செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு என்னும் கலவை பெரும்பாலான செடிகளுக்குப் போதுமானது.

நீர்

கோடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்களில், பூச்செடிக்கு நீர் ஏது என்னும் வினா நியாயமானதே. அதற்குரிய விடை ஒவ்வொரு முஸ்லிம் இல்லத்திலும் நாள்தோறும் ஐந்து வேளை வடிந்தோடுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைந்த நீரில், ஒளூச் செய்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். குழாயைத் திறந்துவிட்டு ஒளூச் செய்யும் நாமோ அதனினும் பன்மடங்கு செலவிடுகிறோம். முதற்கடமை அதனைக் குறைப்பது. எஞ்சி வடிவதோ சோப்புக் கலவாத நீர். மீண்டும் ஒளூச் செய்ய அது பயன்படாதெனினும் அசுத்தமன்று என்பதே ஃபிக்ஹு அறிஞர்களிடையே பெருவழக்கான கருத்து. ஒளூச் செய்யும் இடத்திலிருந்து ஒரு சிறு வாய்க்காலோ குழாயோ பாத்திக்குச் செல்லுமாயின், சில செடிகள் கோடையைக் கடந்துவிடும். செடியின் அடியில் காய்ந்த இலைகளைப் பரப்பினால் அந்த நீரும் விரைவில் ஆவியாகாது.

செடிகளின் தெரிவு

பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துப் பேணியதாக வைணவ மரபு போற்றும் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பூச்செடி வளர்ப்பு இம்மண்ணுக்குப் புதிதன்று. எனினும், எதை வளர்ப்பது என்பதில் நிதானம் வேண்டும்.

முதலிடம் மருதாணிக்கு உரியது. முழுவெயிலையும் வறட்சியையும் தாங்கும் இச்செடி, வெப்பமும் வறட்சியும் உள்ள நிலத்தில் சாயம் மிக்க இலைகளைத் தரும். முற்றிய குச்சியை நட்டாலே வேர்விடும். ஆண்டுதோறும் கவாத்துச் செய்தால் அடர்ந்த வேலியாகும். கடைகளில் கிடைக்கும் 'கறுப்பு மருதாணி' சிலவற்றில் பாரா ஃபெனிலின் டையமின் என்னும் இரசாயனம் கலக்கப்படுவதுண்டு; அதனால் தோல் கொப்புளித்து வடு உண்டாகலாம். பெருநாள் இரவில் குழந்தையின் கையில் இடுவது எதுவென்று ஐயமின்றி அறிய, வீட்டுச் செடியினும் மேலான வழி இல்லை.

அடுத்தது திருநீற்றுப்பச்சிலை. அருள்மறையின் 55, 56ஆம் அத்தியாயங்களில் இடம்பெறும் 'ரைஹான்' என்னும் சொல் பொதுவாக நறுமணச் செடியைக் குறிக்கும்; அரபு வழக்கில் அது இச்செடிக்கும் பெயராயிற்று. ரமளானில் நாம் சர்பத்தில் ஊறவைக்கும் சப்ஜா விதை இதனுடையதே. விதையை மேலாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடினால் போதும். இலை வேண்டுமெனில் பூங்கதிரைக் கிள்ளிவிட வேண்டும். விதை வேண்டுமெனில் ஓரிரு செடிகளை முற்றவிட வேண்டும்.

அழகுக்கெனக் காகிதப்பூவை வளர்ப்போர் அதற்கு நீரைக் குறைத்தே ஊற்ற வேண்டும். நீர் மிகுந்தால் இலை தழைக்கும், பூ குறையும். மல்லிகையைக் கார்த்திகையில் கவாத்துச் செய்தால், கோடையில் புதுத்துளிர்களில் பூ நிறையும். நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ ஆகியவையும் இங்கு நன்கு வளர்பவை. மதிலின் நிழலில் கற்பூரவள்ளியும், ஒளூ நீர் சேரும் ஈரத்தில் வல்லாரையும் புதினாவும் தழைக்கும்.

அறிந்து வளர்த்தல்

மூலிகை என்றாலே தீங்கற்றது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். வறட்சியில் ஆண்டு முழுதும் பூக்கும் அதன் அழகு மறுக்க இயலாதது. புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய மருந்துகள் அதிலிருந்தே பிரிக்கப்பட்டன. ஆனால், அதே காரணத்தால் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்கென மென்று தின்பது ஆபத்தானது. அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. பொன்னரளி விதை இதயத் துடிப்பையே நிறுத்தவல்லது. சிறுவர் விளையாடும் முற்றத்தில் இவ்விரண்டும் வேண்டா.

2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு வழங்கிய நிலவேம்புக் குடிநீர், ஒன்பது சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து. வீட்டில் நிலவேம்பு இலையை மட்டும் காய்ச்சிப் பருகுவது அதற்கு ஈடாகாது. கீழாநெல்லியைப் போலவே தோன்றும் வேறு சிறுசெடிகளும் உண்டு. 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்தபோது, ஒரே செடிக்குப் பல மொழிகளில் வழங்கிய பெயர்களையும் சேர்த்தே எழுதினார். பெயர் மயங்கினால் மருந்தும் மயங்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஐயம் எழுந்தால் செடியைச் சித்த மருத்துவரிடம் காட்டித் தெளிவது நம் கடமை.

மலையிலிருந்து மூலிகை பெயர்த்து வருவதையும் கைவிட வேண்டும். 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் வனம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகும். அங்கிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது சட்டப்படி குற்றம், அறத்தின்படியும் தவறு.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவையோ மனிதரோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. நன்மை அங்கே செடியின் பயனோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஆகவே, நம் மண்ணில் வாழக்கூடியதை, நம் நீர் தாங்கக்கூடிய அளவில், நமக்கு நன்கு தெரிந்ததை நடுவோம். புரட்டாசிக்கு முன் முற்றத்தின் மண்ணை ஒருமுறை கையிலெடுத்துப் பிசைந்து பார்ப்பது அதற்கு நல்ல தொடக்கமாகும்.