செயலிக்கும் அரங்கேற்றம் உண்டு

பண்டைக் காலத்தே நூலொன்றை யாத்த புலவன் அதனை உடனே உலகிற்கு வழங்கிவிடுவதில்லை. சான்றோர் கூடிய அவையில் அரங்கேற்றி, அவர் எழுப்பிய ஐயங்களுக்கு விடையிறுத்து, அதன் பின்னரே ஏடு பெயர்த்தெழுத இசைவான். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என அதன் பாயிரம் கூறுவதை மாணவர் யாவரும் அறிவர். இக்காலத்தே கைப்பேசிச் செயலிகளை ஆக்குவோரிடத்தும் இத்தகைய வழக்கமொன்று உண்டு. அதனைப் பயனர் சோதனை என்பர். வேறுபாடு யாதெனில், அன்று நூலை ஆராய்ந்தோர் கற்றுத் துறைபோகியவர். இன்று செயலியை ஆராய வேண்டியோர் அதனைக் கையாளப் போகும் எளியோர். சப்பிரகமுவவில் வாழும் நமக்கோ, மலையிற் கொழுந்தெடுப்போரும் இறப்பர் மரத்திற் பால் வெட்டுவோருமே அவ்வவையின் சான்றோராவர்.

இப்பொருளை இம்மலரில் எழுதத் துணிந்தமைக்குக் காரணமுண்டு. பாடசாலையொன்று பெற்றோர்க்கென முன்னர் வழங்கிய செயலியைத் திருத்தியமைக்கும் முயற்சியிற் சென்ற ஆண்டு யாமும் மாணவர் சிலரும் ஈடுபட்டோம். மாணவர் கணினி அறிந்தவர். எம் பங்கு தமிழ்ச் சொற்களை அமைத்துக் கொடுப்பது. அப்பங்கினை நன்கு செய்துவிட்டோம் என்ற செருக்கோடுதான் யாம் சோதனைக்குச் சென்றோம்.

சோதனை நிகழுமாறு இது. செயலியை முழுதும் ஆக்கிய பின் பிழை கண்டால் திருத்துவதற்குப் பொருளும் காலமும் பெரிதும் செலவாகும். ஆதலின் முதலில் முன்மாதிரியொன்றை அமைப்பர். அது கணினித் திரையில் இயங்குவதாக இருக்கலாம். வெறுந்தாளில் வரைந்த படங்களாகவும் இருக்கலாம். எமது முன்மாதிரி தாளினாலானது. கைப்பேசி அளவிற்கு வெட்டிய இருபது அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு திரை. சோதனைக்கு வந்தவர் அட்டையிலுள்ள பொத்தானை விரலாற் தொட்டவுடன், மாணவனொருவன் அதற்குரிய அடுத்த அட்டையை எடுத்து வைப்பான். அவனே பொறி. வந்தவரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, மனத்தில் எழுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுமாறு வேண்டுவர். அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த கிளேட்டன் லூயிஸ் என்பார் 1982இல் இம்முறையைச் செயலாக்கத் துறைக்கென எடுத்துரைத்தார்.

இதில் ஆசிரியர்க்கு மிகக் கடினமான விதியொன்றுண்டு: உதவலாகாது. வந்தவர் தடுமாறும்போது நம் வாய் தானே திறக்கும். திறந்தால் சோதனை கெட்டது. பரீட்சை மண்டபத்தில் நாம் மாணவனைச் சோதிக்கிறோம்; இங்கோ வினாத்தாளே சோதனைக்குரியது. ஒருவர் தவறினால் தவறு அவருடையதன்று, தாளினுடையது. இதனைத் தொடக்கத்திலேயே அவர்க்குச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து மக்களிடம் இருமுறை சொல்ல வேண்டும். எழுத்தையும் காகிதத்தையும் கண்டவுடன் தம்மையே குறைகூறிக்கொள்ளும் வழக்கம் தலைமுறைகளாக அவரிடம் ஊன்றிப்போயிற்று.

இம்முறையின் பயனை அறிய, ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியிலுள்ள எண்பலகையை நோக்குக. மேல்வரிசையில் 1, 2, 3 உள்ளன. கணக்கிடு பொறியிலோ 7, 8, 9 மேலே நிற்கின்றன. சுழற்றும் தொலைபேசியை விடுத்து அழுத்தும் தொலைபேசியை ஆக்க முற்பட்டபோது, பெல் ஆய்வுகூடத்தார் எண்களைப் பலவாறு அடுக்கி, மக்களை அழைத்து அழுத்தச் செய்து, நேரத்தையும் பிழையையும் விருப்பத்தையும் குறித்துக்கொண்டனர். டெய்னிங்கர் என்பார் அம்முடிவுகளை 1960இல் வெளியிட்டார். 1963இல் அவ்வமைப்பு வழக்கிற்கு வந்தது.

தமிழிலும் ஒரு கதையுண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியைச் சேர்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்த பெரியார். 247 எழுத்துக்களைச் சில விசைகளுள் அடக்க வேண்டியிருந்தமையால், நகராத விசைகள் தேவையாயின. அவற்றாற் புள்ளியை முன்னர் அடித்து, மெய்யெழுத்தின் வடிவைப் பின்னர் அடிக்க வேண்டியதாயிற்று. கையால் எழுதும் முறைக்கு இது நேர்மாறு. பொறி வளைய இயலாத காலம் அது. ஆதலின் மனிதர் வளைந்தனர். 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் மெய்யையும் உயிரையும் முறையே தட்ட உயிர்மெய் தோன்றுகின்றது. பொறி வளையத் தொடங்கிவிட்ட பின்னரும் மனிதரே வளையவேண்டும் என்பது என்ன நியாயம்?

எத்தனை பேரைச் சோதிப்பது? ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் ஆகிய இருவரும் 1993இல் வெளியிட்ட கணிப்பின்படி, சராசரியாக ஒருவர் 31 வீதமான குறைகளைக் காட்டிக்கொடுப்பார். அடுத்தவர் காட்டுவனவற்றுட் சில முன்னரே கண்டவை. இவ்வாறு ஐவரைக் கடந்தால் ஏறத்தாழ 85 வீதம் வெளிப்பட்டுவிடும். பின்னர் வந்தோர் சிலர் ஐவர் போதார் என மறுத்தனர். பதினைவரை ஒருங்கே சோதிப்பதினும், ஐவரைச் சோதித்துத் திருத்தி, மீண்டும் ஐவரை அழைப்பது நன்றென்பது நீல்சன் கருத்து. எம்மிடமும் பணமில்லை, ஐவரையே அழைத்தோம்.

இறப்பர்த் தோட்டமொன்றின் வாசிகசாலையில், பால்வெட்டு முடிந்த பிற்பகலில் அவர்கள் வந்தனர். மூவர் தாய்மார், ஒருவர் ஓய்வுபெற்ற கங்காணி, ஒருவன் பாடசாலையை இடையில் விட்ட இளைஞன். கொடுத்த வேலை, பிள்ளையின் கல்வி உதவிக்கு விண்ணப்பித்தல்.

முதற்றாய் முகவரித் திரையில் நின்றுவிட்டார். "வீட்டு நம்பரும் ரோட்டுப் பேரும் கேக்குது சேர். எங்க லயத்துக்கு ஏது சேர் நம்பர்?" என்றார். தோட்டத்திற் பிறந்து வளர்ந்த எமக்கே அது தோன்றவில்லை! கடிதம் தோட்டத்து அலுவலகத்திற்கு வந்து சேரும் இடத்தில், வீதியின் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் கட்டத்தை நாமே வரைந்திருந்தோம். இரண்டாமவர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தம் கணவரின் பெயரை இடுவதா, மாமனாரின் பெயரை இடுவதா என்று மயங்கினார். வீட்டின் படத்தைத் தொட்டால் முதற்றிரைக்குச் செல்லலாம் என அமைத்திருந்தோம். கங்காணியார் அதனை லயக் காம்பராவைத் திருத்துவதற்கான விண்ணப்பம் என்றே கொண்டார். பெங்களூரில் இந்திராணி மேதியும் உடன் ஆராய்ந்தோரும் 2006ஆம் ஆண்டளவில் வீட்டு வேலைசெய்யும் பெண்களிடையே எழுத்தில்லாத் திரைகளைச் சோதித்தபோதும், படம் தானே பேசிவிடாது என்பதைக் கண்டனர். பாத்திரங்களை மட்டும் வரைந்தாற் போதாது, குழாயிலிருந்து நீர் விழுவதையும் காட்டினாலன்றிக் கழுவும் தொழில் விளங்கவில்லையாம்.

எம் சொற்களின் கதி இன்னும் இரங்கத்தக்கது. 'சமர்ப்பிக்க' என்னும் பொத்தானைக் கண்ட தாயொருவர், "இது கோயிலுக்குக் குடுக்கிறதா சேர்?" என்றார். மாணவர் சிரித்தனர், அவர்களை அடக்கிவிட்டு எமக்குள் நாமும் நாணினோம்.

ஆயின் மூன்றாமவர் கூறியதே எம் நெஞ்சை விட்டகலாதது. உறுதிப்படுத்தும் இலக்கம் கைப்பேசிக்கு வரும் என்ற அட்டையைக் கண்டதும் அவர் கையை எடுத்துவிட்டார். பழைய செயலியில் தாம் ஒருமுறை விண்ணப்பித்ததாகவும், வீட்டிலிருந்த எண் கொழும்பிற் கடையொன்றில் வேலை செய்யும் மூத்த மகனுடையதாகையால் இலக்கம் அவனுக்கே சென்றதாகவும் சொன்னார். அவன் வேலை முடிந்து நோக்குவதற்குள் இலக்கத்தின் தவணை கழிந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ தோன்றியது. விண்ணப்பம் சென்றுவிட்டதென்றே அவர் நம்பினார். "பேரு வரல. நான்தான் பிழையா அமத்திட்டேன்னு மகள்கிட்ட சொன்னேன்," என்றார். அந்தப் பிள்ளை அவ்வாண்டு உதவியின்றியே படித்தாள். எவரும் அவரிடம் முன்னர் வினவியதில்லை. ஐந்து பேரை அரைமணி நேரம் அமரச் செய்திருந்தால் செயலி வெளியாகு முன்னரே இது புலப்பட்டிருக்கும்.

இரண்டாம் முன்மாதிரியில் முகவரிக்குத் தோட்டம், பிரிவு, லயம் என்னும் மூன்று கட்டங்களை அமைத்தோம். குடும்பப் பெயரை நீக்கித் தந்தையின் பெயரைக் கேட்டோம். உறுதிப்படுத்தும் இலக்கத்தை விடுத்து, வகுப்பாசிரியர் கையாற் கொடுக்கும் துண்டில் ஓர் எண்ணை எழுதினோம். விண்ணப்பம் செல்லாவிடின் 'இன்னும் போகவில்லை' என்று தமிழிற் பெரிதாகத் தோன்றச் செய்தோம். 'சமர்ப்பிக்க' என்பதை 'அனுப்பு' என்றாக்கியபோது கங்காணியார், "பெரியவங்களப் பாத்து அனுப்புன்னு சொல்லலாமா மாஸ்டர்?" என்றார். 'அனுப்பவும்' என எழுதினோம். புதிய ஐவருள் நால்வர் வேலையை முடித்தனர். ஐந்தாமவர்க்கு எழுத்து மிகச் சிறிதாயிருந்தது, மூக்குக்கண்ணாடியும் அவரிடமில்லை.

எழுத்தைப் பெரிதாக்கிய மூன்றாம் அட்டைகள் இப்போது அணியமாகியுள்ளன. இம்முறை இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மாலையிற் கொழுந்து நிறுத்த பின்னர், மடுவத்தருகே அமர எண்ணியுள்ளோம். அட்டை மாற்றவும் குறிப்பெழுதவும் இருவர் வேண்டும். பழைய மாணவருள் ஒரு சனிக்கிழமையை ஒதுக்க வல்லோர் எம்மை ஆசிரியர் அறையிற் காணலாம். வாய் திறவாதிருக்கப் பழகியவர் வரின் மிக நன்று.