கரன்ட் கட் ஆனாலும் ஓடும் 'படகு' பம்ப்... வீட்டு பேட்டரியில் இணைப்பது எப்படி?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் மிதந்தது ஞாபகமிருக்கா? தண்ணீர் ஏற ஏற, பாதுகாப்புக்காகக் கரன்ட்டை நிறுத்தினார்கள். அது சரியான முடிவுதான். ஆனா, வீட்டுக்குள் வரும் தண்ணியை வெளியே தள்ள வேண்டிய மோட்டாரும் அதே கரன்ட்டைத்தானே நம்பியிருக்கு!

ஆவடி, பூந்தமல்லி பக்கம் ரோடு மேல ரோடு போட்டு, பழைய வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. 'இன்வெர்ட்டரில் மோட்டாரைப் போட்டுக்கலாமே' என்பீர்கள். அரை ஹெச்.பி மோட்டார், ஸ்டார்ட் ஆகும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் 'ஓவர்லோடு' என்று கத்திவிட்டு ஆஃப் ஆகிடும்.

இதற்குப் படகுக்காரர்களிடம் வழி இருக்கு. படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் 'பில்ஜ் பம்ப்', 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும். படகின் மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் நிற்காதபடி, பேட்டரியிலிருந்து இதற்குத் தனி ஒயர் போகும். வீட்டிலும் அதையே செய்யணும். இன்வெர்ட்டர் அவுட்புட்டில் அல்ல, நேரா பேட்டரியில்.

முதலில் மெயினையும் இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணுங்க. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ், அடுத்து ஃப்ளோட் ஸ்விட்ச், அடுத்து பம்ப். திரும்பி வரும் ஒயர் நெகட்டிவுக்கு. அதைக் கடைசியாக மாட்டுங்கள். ஃப்யூஸ் எத்தனை ஆம்ப் என்று பம்ப் மேலேயே போட்டிருக்கும். '12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே' என்று ஃப்யூஸை மட்டும் விட்டுடாதீங்க. ஒயர் நசுங்கி ஷார்ட் ஆனால், பேட்டரி ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் தீப்பிடிக்க அது போதும்.

அடுத்தது ஒயரின் தடிமன். 4 ஆம்ப் பம்ப், 5 மீட்டர் தூரம் என்றால் 2.5 ஸ்கொயர் எம்.எம் காப்பர் ஒயரில் போக வர சுமார் 0.3 வோல்ட்தான் வீணாகும். 1 ஸ்கொயர் எம்.எம்-ல் 0.7 வோல்ட் போய்விடும்; பம்ப் சோர்ந்துபோகும். தண்ணீரில் நனையும் இணைப்புகளுக்கு டேப் போதாது. பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்கள்.

150 ஏ.ஹெச் பேட்டரியில் பாதியைச் செலவழித்தால் இந்த பம்ப் 18 மணி நேரம் ஓடும், ஃபேன், லைட் எதுவும் போடாமல் இருந்தால்! ரெண்டு பேட்டரி வைத்த 24 வோல்ட் இன்வெர்ட்டரா? ஒரு பேட்டரியில் மட்டும் 12 வோல்ட் பம்பைக் கொடுக்காதீங்க. ஒன்று சீக்கிரம் காலியாகி ரெண்டுமே கெடும். 24 வோல்ட் பம்பே வாங்குங்கள்.

ஒரு உண்மையையும் சொல்லிடணும். பெட்டியில் 'மணிக்கு 4,000 லிட்டர்' என்று இருப்பது, தண்ணீரை மேலே தூக்காதபோது கிடைக்கும் கணக்கு. ஆள் உயரத்துக்குத் தூக்கினால் பாதி வந்தாலே பெருசு. லிஃப்ட் குழி, பள்ளமான வராண்டாவில் ஊறும் தண்ணிக்கு இது போதும். தெருவே ஏரியானால், வெளியே விட்ட தண்ணி கேட் வழியா திரும்பி வரும். அப்போ மணல் மூட்டைதான் முதல் வேலை, பம்ப் அப்புறம்.

பேட்டரியை இப்பவே தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றிடுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி, குழியில் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி, ஃப்ளோட் தானா மேலே வந்து பம்ப் ஓடுதான்னு பாருங்க.